கொக்கின் தலையில் வெண்ணெய்

கொக்கைப் பிடிப்பதற்கு நம் பெரியோர்கள் ஒரு சுலபமான உபாயம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொக்கு வெயிலில் நிற்கும் சமயம் பார்த்து அதன் தலையில் கொஞ்சம் வெண்ணெயை வைத்துவிட வேண்டும். வெண்ணெய் உருகிக் கண்ணில் வழியும். கொக்குக்குக் கண் மறைந்துவிடும். அப்புறம் மெதுவாகச் சென்று பிடித்துக்கொள்ளலாம். "வெண்ணெய் வைக்கப் போகிறவன் அப்போதே பிடித்துவிடக் கூடாதோ?" என்று கேட்பவர்கள் ஹாஸ்ய ரஸம் அறியாதவர்கள்.

காமிராவினால் கொக்கைப் பிடிக்கக் கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலும் இந்த வெண்ணெய் முறையைத்தான் கையாளுகிறார்கள் என்பது நமது அநுபவம். நமது அநுபவம் என்று சொன்னதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஊரார் கதையை நாம் இங்கே சொல்ல வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் நாம் வேடந்தாங்கலுக்குப் போயிருந்தோம். கழுத்தில் புதுக் காமிரா. அதன் முனையில் சுரைக்காய் நீளத்திற்கு ஒரு லென்ஸ். விலையை இல்லத்தரசியிடம் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தோம். விடியற்காலை ஆறரை மணிக்கு ஏரிக் கரையில் நின்றபோது, நீரில் பாதி மூழ்கி நின்ற கடம்ப மரங்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் பூத்திருந்தன. நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தது. அப்போது கூழைக்கடா ஒன்று, அலகில் ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு, நம் தலைக்கு நேர் மேலே, மிகத் தாழ்வாக, பந்தல் விரித்தாற் போன்ற சிறகுகளுடன் பறந்து வந்தது. அந்தச் சிறகு காற்றைத் தள்ளும் ஓசைகூட நம் காதில் விழுந்தது. காமிராவைத் தூக்கினோம், பொத்தானை அழுத்தினோம், விடாமல் அழுத்தினோம்.

அன்று பகலுக்குள் நானூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுக் காட்டியபோது இல்லத்தரசி வெகு நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இலவம் பஞ்சு வெடித்திருக்கிறாற் போல் இருக்கிறதே, இது எந்த ஊர்?" என்று கேட்டாள்.

மறுநாள் நம் தமக்கையின் மகன் வந்தான். பறவைப் படம் எடுப்பதில் பழகிய பிள்ளை. படங்களைப் பார்த்தான், காமிராவை வாங்கி அதன் தலையில் உள்ள சக்கரத்தைப் பார்த்தான்.

"மாமா, காமிராவின் பேரில் தப்பில்லை. எல்லாவற்றையும் அதன் தலையிலேயே போட்டுவிட்டீர்கள். பறக்கும் பறவையை 1/60 விநாடியில் எடுத்திருக்கிறது. அதற்கு என்ன தெரியும்? நீங்கள் கல்யாணக் கூட்டத்தை எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்" என்றான்.

வெண்ணெய் எங்கே வழிந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று அவனிடம் கற்றதையும், பிறகு நாமே பட்டுத் தெரிந்துகொண்டதையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

* * *

முதலில் காமிராவின் உள் விவகாரம். இது ஏரிப் பாசனத்தைப் போன்றதுதான், பயப்பட வேண்டியதில்லை.

ஏரியிலிருந்து வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாயும் என்பது இரண்டு சங்கதிகளைப் பொறுத்தது. மடை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. காமிராவுக்குள் பாயும் வெளிச்சத்திற்கும் இதே கணக்குத்தான். லென்ஸுக்குள் இருக்கும் துவாரம், அதாவது அபெர்ச்சர், மடையின் அகலம். ஷட்டர் திறந்து மூடும் காலம், மடை திறந்திருக்கும் நேரம்.

துவாரத்தின் அளவை எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 என்று குறிப்பிடுகிறார்கள். எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுத்துக்கொண்டு போவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு. நம் பழைய வாய்பாட்டை நினைத்துக்கொண்டால் திகைப்புத் தீர்ந்துவிடும். நாலில் ஒன்று கால். எட்டில் ஒன்று அரைக்கால். லென்ஸின் குவிய தூரத்தில் கால் பங்கு அகலமுள்ள துவாரம் எஃப் 4. அரைக்கால் பங்கு அகலமுள்ளது எஃப் 8. அரைக்கால் காலைவிடச் சிறிதுதானே? எஃப் 4-லிருந்து எஃப் 5.6-க்கும், அதிலிருந்து எஃப் 8-க்கும் போகும்போது ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகக் குறையும்.

மூன்றாவதாக ஐ.எஸ்.ஓ. என்று ஓர் எண் இருக்கிறது. இது மடையைச் சேர்ந்ததல்ல. வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழைப் போன்றது. தூரத்து நிலையத்தின் பாட்டு மெல்லியதாகக் கேட்டால் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுகிறோம். பாட்டும் உரத்துக் கேட்கும். கூடவே இரைச்சலும் உரத்துக் கேட்கும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் இருட்டுப் படம் வெளிச்சமாகும். அதில் மணல் தூவினாற் போன்ற புள்ளிகளும் கூடும். புதியவர்கள் இந்தப் புள்ளிகளுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அது தவறு. மணல் தூவிய கூழைக்கடா, கூழைக்கடாதான். கலங்கிப்போன கூழைக்கடா இலவம் பஞ்சு.

ஏன் கலங்குகிறது என்பதற்கும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஒரு பறவை பறப்பதாக வைத்துக்கொள்ளுவோம். 1/60 விநாடி ஷட்டர் திறந்திருந்தால், அந்த நேரத்திற்குள் பறவை சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு சாண் தூரத்திற்கு இழுபட்ட பறவை பறவையாக எப்படி இருக்கும்? அதுவே 1/2000 விநாடியானால் அது நகர்வது அரை சென்டிமீட்டர்தான். கண்ணும் அலகும் அலகில் உள்ள சுள்ளியும் தெளிவாக விழும். ஆனால் மடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டபடியால் வெளிச்சம் முன்னதில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 100 போதுமாயிருந்த இடத்தில் இப்போது 3200 வேண்டும். கொடுத்துத்தான் தீர வேண்டும். வேகம் வேண்டுமென்றால் இரைச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

* * *

இனி, சக்கரத்தை எங்கே வைப்பது என்று பார்ப்போம்.

நம் மருமான் நமக்குச் சொல்லிக் கொடுத்த முறை மிகவும் எளிது. காமிராவின் தலைச் சக்கரத்தை 'ஷட்டர் முதன்மை' என்ற இடத்திற்குத் திருப்பிவிட வேண்டும். சில காமிராக்களில் அது 'எஸ்' என்ற எழுத்தாலும், சிலவற்றில் 'டிவி' என்ற எழுத்துக்களாலும் குறிக்கப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ.வைத் தானாகவே கூடிக் குறையும்படி வைத்து, 3200-க்கு மேல் போகாதே என்று ஒரு வரம்பும் கட்டிவிட வேண்டும். துவாரத்தைக் காமிரா பார்த்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது ஒரே வேலை: பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஷட்டர் வேகத்தை வைப்பது.

பறவை சும்மா நின்றுகொண்டிருந்தால் 1/500 விநாடி போதும். நடக்கிறது, இறகு கோதுகிறது, மீனை அலகில் வைத்துக்கொண்டு உதறுகிறது என்றால் 1/1000. நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் பறந்தால் 1/1600 முதல் 1/2000 வரை. பஞ்சுருட்டான், சிட்டு போன்ற சிறு பறவைகள் பறக்கும்போது 1/3200-உம் சில சமயம் போதாது. இந்த நாலு எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சொல்லமாட்டோம். பாதிக் கிணறு தாண்டுகிறவன் கதி நமக்குத் தெரியும். மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறோம்.

காமிராவின் குவியம் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒருமுறை பார்த்து அங்கேயே நின்றுவிடுவது ஒன்று. பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும் வரையில், நகரும் பொருளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போவது மற்றொன்று. பறவைக்குத் தொடரும் குவியமே வேண்டும். குவியப் புள்ளிகளில் நடுவில் உள்ள ஒன்றையோ, நடுவில் உள்ள சிறு கூட்டத்தையோ தேர்ந்துகொள்ளலாம். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் காமிரா கொக்கை விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் நாணலை வெகு அழகாக எடுத்துக் கொடுக்கும். நம்மிடம் நாணல் படங்கள் நிறைய இருக்கின்றன. வேண்டியவர்கள் எழுதினால் அனுப்புகிறோம். இப்போது வரும் காமிராக்கள் சில, பறவையின் கண்ணைத் தாமே அடையாளம் கண்டுகொள்கின்றன. அப்படிப்பட்டது கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். எந்தக் காமிராவானாலும் கண்தான் பிரதானம். வால் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர் மன்னிப்பார். கண் மங்கினால் படம் உயிரற்றதாகிவிடும்.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பல படங்கள் தொடர்ந்து விழும்படியும் வைத்துக்கொள்ளலாம். பறக்கும் சமயத்திற்கு அது நல்லது. நின்று தூங்கும் வக்காவை ஐம்பது தடவை எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. ஐம்பதிலும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இரவெல்லாம் கண் விழித்துப் படங்களைக் கழிக்கப் போகிறவர்கள் நாம்.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குவிய தூரம் 300 அல்லது 400 மி.மீ. இருந்தால் போதுமானது. லென்ஸைக் கழற்ற முடியாத, ஆனால் தூரத்தை வெகுவாக இழுக்கக்கூடிய காமிராக்களும் உண்டு. விலை குறைவு, கனமும் குறைவு. நகையை அடகு வைத்து லென்ஸ் வாங்குவதை நாம் சிபார்சு செய்யமாட்டோம். நூறு அடிக்கு அப்பால் உள்ள சிட்டை எந்த லென்ஸும் ஒழுங்காக எடுத்துக் கொடுக்காது. இருபது அடிக்குள் அது தானாக வரும்வரை அசையாமல் உட்காரத் தெரிந்தவனுக்குச் சாதாரண லென்ஸே போதும்.

* * *

அடுத்தபடியாக ஒரு சூக்ஷ்மம். காமிராவுக்கு ஒரு விசித்திரமான நம்பிக்கை உண்டு. உலகத்தில் உள்ள சகல வஸ்துக்களும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்று அது எண்ணுகிறது. வெள்ளைக் கொக்கு படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால், "இவ்வளவு வெளுப்பா?" என்று சந்தேகித்து அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். காக்கை படத்தை அடைத்து நின்றால், "இவ்வளவு கறுப்பா?" என்று இரங்கி அதையும் சாம்பலாக்கிவிடும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'பிளஸ்', 'மைனஸ்' என்ற குறியுடன் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அடைத்து நிற்கும் கொக்குக்குப் பிளஸ். அடைத்து நிற்கும் காக்கைக்கு மைனஸ்.

கொக்கு இருண்ட நீர்ப் பரப்பில் சிறிதாக நிற்கும்போது விஷயம் தலைகீழாகிவிடும். காமிரா சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுக்கச் செய்யும். கொக்கின் இறகுகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற் போல் ஒன்றாகிவிடும். அப்போது மைனஸ் பக்கம் முக்கால் படியோ ஒரு படியோ தள்ள வேண்டும். வெளிறிய வானத்தின் எதிரில் பருந்து பறந்தால் பிளஸ் ஒரு படி. இல்லாவிட்டால் பருந்தின் நிழல்தான் கிடைக்கும். இதை எழுதிப் படித்து வராது. ஒரு படம் எடுத்துத் திரையைப் பார்த்து, மறுபடி எடுத்து, மறுபடி பார்த்துத்தான் வரும்.

இந்தப் பாடத்தையெல்லாம் ஒருங்கே கற்பிக்கக்கூடிய ஆசிரியர் நம் ஊர்க் குளக்கரைகளில் சம்பளமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறார். அவர் பெயர் மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். மண் நிறமாக, கழுத்தை ஒடுக்கிக்கொண்டு, சேற்றோடு சேறாக நிற்பார். நாம் மிக அருகில் போகும்வரை நகரமாட்டார். கண் தெரியவில்லை என்று எண்ணி நம்மவர்கள் குருட்டுக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண் நன்றாகவே தெரியும். தம்மை யாரும் பார்க்கவில்லை என்று நம்பி நிற்கிறார், அவ்வளவுதான். அவர் நிற்கையில் 1/500 விநாடியில் எடுத்துப் பழகலாம். திடீரென்று எழும்பிப் பறந்தாரானால், அதுவரை மூடி வைத்திருந்த சிறகுகள் இரண்டும் தும்பைப் பூப்போல் வெளுத்திருக்கும். மண் நிறத்திற்காக வைத்திருந்த வெளிச்சத்தில் அந்த வெண்மை எரிந்துபோகும். முதல் நாள் ஏமாறுவோம். இரண்டாம் நாளும் ஏமாறுவோம். மூன்றாம் நாள், அவர் காலை மடக்கும்போதே நம் கட்டைவிரல் சக்கரத்தைத் திருகி வேகத்தை 1/2000-க்குக் கொண்டு போயிருக்கும். வெளிச்சத்தையும் ஒரு படி குறைத்திருக்கும். அந்தக் கட்டைவிரல்தான் வித்தை. நமக்கு அது கைவர மூன்று நாள் அல்ல, மூன்று மாதம் ஆயிற்று.

வெயில் நம் முதுகில் விழும்படி நிற்க வேண்டும். காலை சூரியன் உதித்து இரண்டு மணி நேரம், மாலை மறைவதற்கு முன் இரண்டு மணி நேரம். நடுப்பகலில் கொக்கும் ஓய்வெடுக்கும், நாமும் சாப்பிடப் போகலாம். கூடியவரை பறவையின் கண் மட்டத்திற்கு நம் கண்ணைக் கொண்டுவர வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் தரையில் மேயும் பறவையின் முதுகுதான் கிடைக்கும். குந்தி உட்கார வேண்டும், வேஷ்டி அழுக்காகும். நல்ல பறவைப் படத்திற்கு அடையாளம், எடுத்தவருடைய முழங்காலில் உள்ள சேறு.

* * *

இத்தனை வசதிகளும் இல்லாத காலத்திலேயே இந்த வித்தையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கெர்ட்டன், செர்ரி கெர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-ஆம் வருஷத்தில் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். அவர்களிடம் இருந்தவை கண்ணாடித் தகடுகளும் கனத்த மரக் காமிராவும்தான். பறவைகள் அஞ்சாமல் இருப்பதற்காக மாட்டுத் தோலால் ஒரு பொய்மாடு செய்து, அதற்குள் புகுந்துகொண்டு படம் எடுத்தார்கள். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். 1895-இல் வெளிவந்த அவர்களுடைய புத்தகத்தில் படங்கள் எல்லாம் இயற்கையில் நேரே எடுத்த புகைப்படங்களே.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய புதல்வர் மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்தவர். பல கருவிகளின் பாகங்களை ஒன்றாக இணைத்துத் தாமே ஒரு பெரிய காமிராவை அமைத்துக்கொண்டு காடு காடாக அலைந்தார். வர்ணப் படங்கள் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துவந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய அவருடைய பகுதி, 1996-இல் அவர் காலமாகும் வரையில் வந்துகொண்டிருந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் வீட்டு முற்றத்து அணிலையும் காக்கையையும் பற்றி எழுதினார். அருகில் உள்ளதை நன்றாகப் பார் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே உதாரணம்.

* * *

இதுவரை சொன்னது வித்தை. இனிச் சொல்லப் போவது நமக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

கட்டைவிரல் பழகிய பிறகு ஒரு பங்குனி மாதத்தில் நம் வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிய செம்பருத்திச் செடியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. நாரும் சிலந்தி நூலும் சருகும் சேர்த்து முடைந்த சிறு பை. பக்கத்தில் ஒரு வாசல். வாசலில் இரண்டு குஞ்சுகளின் அலகுகள் தெரிந்தன. தாய் விநாடிக்கு விநாடி வந்து போய்க்கொண்டிருந்தது. எட்டடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். வெளிச்சம் நன்றாயிருந்தது, ஆனால் இலைகள் அடர்ந்த ஒரு கொம்பு வாசலை மறைத்தது. அதை ஒடிக்கவில்லை, ஒடிக்க நமக்கு மனம் வராது. ஒரு சணல் கயிற்றை எடுத்து அந்தக் கொம்பை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினோம். அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிடலாம் என்று எண்ணம்.

படம் கிடைத்தது. 1/2000 விநாடி, எஃப் 5.6. தாய் சிறகை விரித்து அந்தரத்தில் நிற்கிறது; குஞ்சு வாயைத் திறந்திருக்கிறது; இரண்டின் கண்களிலும் வெயிலின் பொட்டு. உடனே உள்ளே ஓடி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினோம். யாரோ வந்தார்கள், பேசிக்கொண்டிருந்தோம், சாப்பிட்டோம். கயிற்றின் ஞாபகம் சாயங்காலம்தான் வந்தது.

போய்ப் பார்த்தபோது கூடு கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மதில்மேல் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. காக்கையின் பேரில் நாம் குற்றம் சொல்ல முடியாது. அந்த இலைகளை அந்தச் சிட்டு காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. காக்கைக்குத் திரை போட்டுத்தான் அது குடியிருந்தது. திரையை விலக்கியவர்கள் நாம். தாய் அன்று இருட்டும்வரை வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து வந்து அந்தக் கந்தலைச் சுற்றிப் பறந்தது.

நம்மிடம் உள்ள பறவைப் படங்களில் எல்லாம் அதுதான் தெளிவான படம். அதை யாருக்கும் காட்டுவதில்லை. இல்லத்தரசி அன்று ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மாடத்தில் வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகையால் ஷட்டர் வேகத்திற்கும் முன்னால் புதியவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கூட்டின் அருகே போகாதீர்கள். ஒரு சருகையும் விலக்காதீர்கள். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கையைத் தட்டியோ கல்லை எறிந்தோ பறவைகளைக் கிளப்பாதீர்கள். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதை ஏமாற்றி அழைக்காதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று எண்ணி அது குஞ்சை விட்டுவிட்டு வரும். பறவை இறகு கோதுவதையும் மேய்வதையும் நிறுத்திவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்கினால், நாம் அதிக தூரம் போய்விட்டோம் என்று அர்த்தம். அப்போது பின்வாங்குவதுதான் மரியாதை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையோடு சேர்த்தே சொல்லுகிறது. நாம் கட்டிய சணல் கயிறு வேட்டைதான், துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

சில சமயம் பறவையும் திருப்பிக் கொடுத்துவிடும். எரிக் ஹாஸ்கிங் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937-இல் ஒரு ஆந்தைக் கூட்டின் அருகே இருட்டில் போனபோது, ஆந்தை பாய்ந்து தாக்கியதில் இடது கண்ணை இழந்தார். ஒற்றைக் கண்ணுடன் அதன் பிறகும் பல்லாண்டுகள் படம் எடுத்தார். தம் வரலாற்றை 1970-இல் எழுதியபோது, பறவைக்கு ஒரு கண் என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்.

* * *

வேடந்தாங்கலுக்கு மறுபடியும் வருவோம். அந்த ஏரி ஏறக்குறைய முப்பது ஹெக்டேர்தான். சென்னைக்கு இவ்வளவு சமீபத்தில், ஆயிரக்கணக்கான பறவைகள் மனிதரின் கண்ணெதிரே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது எப்படி? இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் படித்த விஞ்ஞானிகள் அல்லர். அந்த ஊர்க் குடியானவர்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டு, அவற்றைத் தங்கள் விருந்தாளிகளாகவே பாவித்துவந்தார்கள். கும்பெனியாரின் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை தங்களுடையது என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடமிருந்து கௌல் ஒன்றும் பெற்றார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனிடம் கோவணாண்டிகள் பெற்ற வெற்றி அது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈர நிலங்களின் வரிசையில் வேடந்தாங்கலும் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் பட்டாசைத் துறந்து காத்த பறவைகளைக் காமிராக்காரர் கை தட்டிக் கிளப்பினால், அதை என்னவென்று சொல்லுவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும். குழந்தைகளுடன் போய் வாருங்கள். பார்வைக் கோபுரத்தில் முதலில் கால் மணி நேரம் காமிராவை உறையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பறவை சுள்ளி கொண்டு வருகிறது, எந்த வழியாக வருகிறது, எந்த மரத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த தடவை அது வரும்போது உங்கள் சக்கரம் 1/2000-இல் காத்திருக்கும்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே பழக வேண்டும். நம் வீடுகளில் சாப்பிடுவதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கம் இருக்கிறது. நாளை அதை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி ஒரு மணையைப் போட்டு உட்காருங்கள். கறுப்புப் பறவை, வெள்ளைச் சோறு, உச்சி வெயில். இதைவிடக் கடினமான பரீட்சை காமிராவுக்குக் கிடையாது. கழுத்தில் உள்ள சாம்பல் நிறமும் கறுப்பு இறகில் ஓடும் நீலப் பளபளப்பும் படத்தில் விழுந்துவிட்டால், உங்களுக்கு வித்தை வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளலாம்.

நாமும் தினந்தோறும் அப்படித்தான் செய்துவருகிறோம். மதில்மேல் வந்து உட்காரும் அந்த இரண்டு காக்கைகளும் இன்றுவரை சோற்றை எடுக்குமுன் தலையைச் சாய்த்து நம்மை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கின்றன. 1/500 விநாடியில் அந்தப் பார்வை தெளிவாகவே விழுகிறது.